ஐஸ் பெட்டியில் ஓர் ஓட்டை

வெம்பக்கோட்டையில் முதன்முதலாக ஐஸ் பெட்டி வாங்கியது ராக்கப்பன் வீட்டில்தான். அடுக்களையில் இடமில்லாததால் அதைப் பின்கட்டு வராந்தாவில் வைத்திருந்தார்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை இல்லாத நாட்களில் இருளம்மாள் வந்து பெட்டியின் வெளிப்புறத்தைத் துடைப்பாள். வழிந்த தண்ணீரைக் கொட்டுவாள். கதவுக்கு உள்ளே அவள் கை வைக்கக் கூடாது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவளும் வைத்ததில்லை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுவிட்சை அணைத்து, கதவைத் திறந்துபோட்டு, ஐஸ் தானாக உருகும்வரை விட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த ஐப்பசியில் ராக்கப்பன் மனைவி செல்லத்தாய்க்கு மகளின் தலைதீபாவளி வேலையில் அது மறந்தே போனது. மாப்பிள்ளை வர இரண்டு நாள் இருக்கையில் பார்த்தால், பெட்டியின் மேலறையில் கை நுழைய இடமில்லாமல் ஐஸ் அடைத்துக் கிடந்தது. உருக அரை நாளாகும். அவளுக்குப் பொறுமையில்லை. காய் நறுக்கும் கத்தியை எடுத்துக் குத்தினாள். உள்ளிருந்து புஸ்ஸென்று சீறியது. அதன்பின் பெட்டி முனகியதே தவிர, குளிரவில்லை.

சாயங்காலம் ராக்கப்பன் கேட்டபோது, இருளம்மாள் குத்திவிட்டாள் என்று செல்லத்தாய் வாயில் வந்துவிட்டது. நாலு வசவோடு போகும், தீபாவளிக்கு ஒரு சேலை கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தாள். அவர் ஓட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அவளையா உள்ள கை வைக்க விட்டே?"

பாலும் தயிரும் குப்பைக்குழிக்குப் போயின. இருளம்மாளின் புருஷன் சுடலையை வரச்சொல்லி, கொல்லைவாசலில் நிற்கவைத்துப் பேசினார். இனி உன் பெண்டாட்டி இந்தப் பக்கம் வரக் கூடாது என்றார். சுடலை துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தப்புத்தான் என்றான். கூட வந்திருந்த இருளம்மாள் அவனைப் பார்க்கவில்லை.

"நான் உள்ள கை வச்சேனா தாயி? நீங்களே சொல்லுங்க."

செல்லத்தாய் தரையைப் பார்த்தபடி, "மறந்து வச்சிருப்பே" என்றாள்.

இரவெல்லாம் அந்தப் பதில் அவளை அறுத்தது. காலையில் காப்பி கொடுக்கும்போது புருஷனிடம் உண்மையைச் சொன்னாள். அவர் டம்ளரிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"அவ வைக்க மாட்டான்னு எனக்குத் தெரியாதா? இப்பப் போயி மாத்திச் சொன்னா நம்ம பேச்சை எவன் மதிப்பான்? விடு."

சுடலை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு நிற்க வேண்டியதில்லை என்றதும் நெஞ்சு லேசானது. அப்படி லேசானதில்தான் அவளுக்குக் கூசியது.

தீபாவளியன்று இலையில் உட்கார்ந்த மாப்பிள்ளை ஐஸ் தண்ணீர் கேட்டார். ராக்கப்பன் வாய் திறப்பதற்குள் செல்லத்தாய் முந்திக்கொண்டாள். வேலைக்காரி செய்த கூத்து என்று ஆரம்பித்து, ஐஸ் எப்படிப் பாறையாக நின்றது, கத்தி எப்படி வழுக்கியது, கையில் எப்படிக் காற்று சில்லென்று அடித்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். மாப்பிள்ளை சிரித்தார்.

மகள் இலையிலிருந்து நிமிர்ந்தாள்.

"அவ கையில அடிச்சது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

செல்லத்தாய் ரசம் எடுத்துவரப் போனாள். ரசம் இலைக்குப் பக்கத்திலேயே இருந்தது.