தொடக் கூடாத பம்பர்

வாய் ஒரு காதில் தொடங்கி மறு காதில் முடிகிறது, மூக்கு பூசணிக்காய் போலப் பரந்து கிடக்கிறது, நெற்றி என்று ஒன்று இல்லவே இல்லை, முதுகுக்குப் பின்னால் ஜன்னல் தீப்பெட்டியாக வளைந்து நிற்கிறது, இத்தனையும் ஒரு சாண் நீளமும் கட்டைவிரல் அகலமும் உள்ள ஒரு பம்பருக்குள் அடங்கியிருக்கிறது, நான் சிரித்தால் அதுவும் சிரிக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறது, வெறும் பிளாஸ்டிக், மேலே வெறும் பெயிண்ட், ஆனாலும் காலையில் ஒரு காகம் ஜன்னல் வழியாக வந்து அதற்குள் இருந்த இன்னொரு காகத்தோடு அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டுத் தோற்றுப் போனது, மீட்டர் பார்க்க வந்தவர் அதில் தலைவாரிக்கொண்டு ரீடிங் எடுக்க மறந்து போய்விட்டார், நான் எதையும் மிகைப்படுத்துகிறவன் இல்லை, அரைமணி என்பது இருபது நிமிடமாகவும் இருக்கலாம்.

பழைய மில் முதலாளிமார் வைத்திருந்த கப்பல் போன்ற காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், ஒட்டுவதை யார் வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம், பம்பரைக் குரோம் போலக் காட்டுவதில்தான் ஆள் யார் என்று தெரியும், கோயமுத்தூரில் நாற்பது வருடம் பல் செட் கட்டிக் கொடுத்தவன் நான், பாதி ஊர் என் பல்லால்தான் முறுக்குக் கடித்தது, ஒருவரை எரித்த பிறகும் பல் மட்டும் சாம்பலில் சிரித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள், இரண்டு பேர்தான் சொன்னார்கள், ஆக, போலியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று இருந்தபோதுதான் ஆனி மாதத்தில் அங்கண்ணன் என் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார், வருகிறார், வேட்டி நுனியைப் பிடித்தபடி இதோ வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். என் மகள் ரேணுகாவும் அவர் மகன் கோகுலனும் பீளமேட்டில் ஒரே ஆபீசில் வேலை, இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது, மிச்சம் இருந்தது பெரியவர்கள் தலையாட்டுவது மட்டும், அங்கண்ணனுக்குக் கணபதிப் பகுதியில் உலோகத்துக்கு முலாம் போடுகிற பிளேட்டிங் பட்டறை, முப்பத்தைந்து வருடமாக நிஜக் குரோம், மின்னுவது எதுவானாலும் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்துப் பார்த்த பிறகுதான் நம்புவார், எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளைத் தேய்த்தார், டம்ளரைத் தேய்த்தார், என் மனைவி பாவாத்தாளின் மிக்ஸி மூடியைத் தேய்த்தார், அப்புறம் அலமாரியில் நான் முன்பு ஒட்டி வைத்திருந்த பழைய காரைப் பார்த்தார், நான் சும்மா இருந்திருக்கலாம், அசல் குரோமுங்க, ஜெர்மனியிலிருந்து ஒருத்தர் கேட்டு வந்தார், கொடுக்கமாட்டேன்னுட்டேன் என்றேன், அவர் தேய்த்தார், பம்பரில் வெள்ளி போனது, அவர் கட்டைவிரலில் வெள்ளி வந்தது.

விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார், ஏனுங் பல்லுக்காரரே, பெயிண்டப் பூசிப்போட்டுக் குரோம்னு சொல்றீங்க, நாளைக்கிப் புள்ளையப் பத்தி நீங்க சொல்றதுல எதையத் தேச்சுப் பாக்கறதுங் என்றார், பஜ்ஜித் தட்டோடு ரேணுகா அப்படியே நின்றாள், ஏம்ப்பா, ஒரு நாளைக்காவது வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா என்று அவள் பிறகு சமையலறையில் கேட்டது இப்போதும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது, அவர் எழுந்து வெளியேறிவிட்டார், நான் வாசல் வரை ஓடினேன், கோகுலனின் முகம் அவர்கள் வந்த காருக்குள் கறுத்துப்போய்த் தெரிந்தது, இருங், பெயிண்ட்டுதான், நானே ஒத்துக்கறன், ஆடி கழியட்டும், ஆவணி மொத முகூர்த்தத்துக்கு வாங்க, பெயிண்ட்டுன்னு சொல்லியும் உங்க கண்ணு நம்பாத ஒண்ணக் காட்டறன், காட்டலீன்னா வேற பக்கம் பொண்ணு பாருங், ஆனாத் தொடப்படாது, கண்ணால மட்டும் என்றேன். அங்கண்ணன் காறிக்கொண்டு யோசித்தார், முப்பத்தைந்து வருடக் கண் அல்லவா, அதற்குச் சவால் விட்டால் தாங்குமா, சரீங், தொடமாட்டன், வாக்கு, ஆனாப் பொய்யி கலக்கப்படாது, இன்னொருக்காப் பொய்யின்னு தெரிஞ்சுது, இந்த வாசப்படி மிதிக்கமாட்டன் என்றார்.

ஒன்றரை மாதம், அல்லது ஒன்றரை வருடம், அதற்குள் நடந்ததை நினைத்தால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரிகிறது, ஏனென்றால் வெள்ளியின் ரகசியமே கறுப்புதான், அடியில் கறுப்பு பளபளவென்று கண்ணாடி போல நின்றால்தான் மேலே விழுகிற வெள்ளி குரோமாகும், கறுப்பில் ஒரு தூசி இருந்தால் வெள்ளியில் அது பாறாங்கல்லாகத் தெரியும், வீட்டிலேயே தூசி இல்லாத இடம் குளியலறை, ஷவரைத் திறந்துவிட்டு, தூசியெல்லாம் தண்ணீரோடு இறங்கின பிறகு, சட்டையைக் கழற்றிவிட்டு, பழைய பிரிட்ஜின் கம்ப்ரசரில் காற்று எடுத்து, பேனா போன்ற பெயிண்ட் துப்பாக்கியால் மூச்சு விடுகிற மாதிரி அடிக்க வேண்டும், பாவாத்தாள் பதினோரு நாள் பக்கத்து வீட்டுக்குப் போய்த்தான் குளித்தாள், ஏனுங், புள்ளைக்குக் கல்யாணம் ஆகுதோ இல்லியோ, எனக்கு அந்த வூட்டுல ரேசன் கார்டே போட்ருவாங்க போல இருக்குது என்றாள்.

முதல் பம்பர் நான்காம் நாள் வந்தது, வந்தது என்றால் பிறந்தது, ஆனால் தொட்டால் ரேகை விழும், விழுந்தால் போகாது, எல்லாவற்றையும் தேய்க்கிற ஆள், வாக்கை மறந்து கை வைத்துவிட்டால் என்று பயந்து மேலே ஒரு கோட்டு வார்னிஷ் அடித்தேன், பல்லில் கடைசியாகப் பாலிஷ் போட்டே பழகிய கை, அது செய்கிற தப்பைத்தான் செய்தது, வார்னிஷ் காயக் காயக் குரோம் மங்கி, சோறு வடிக்கிற அலுமினியப் போசியாகிவிட்டது, அன்று மத்தியானம் தூங்கினேனா இல்லையா தெரியவில்லை, நான் அந்தக் காருக்குள் உட்கார்ந்து அவிநாசி ரோட்டில் போகிறேன், வானத்திலிருந்து மேகம் போல ஒரு கட்டைவிரல் இறங்குகிறது, ரேகைகள் உழுத வயல் மாதிரி மேலே சுழல்கின்றன, பின்சீட்டில் பட்டுப்புடவையோடு ரேணுகா, அப்பா, வேகமாப் போங்க என்கிறாள், விழித்தபோது புரிந்துவிட்டது, மின்ன வேண்டுமென்றால் தொடக் கூடாது, தொடலாம் என்றால் மின்னாது, இரண்டில் ஒன்றுதான், சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி கறுப்பிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆவணியில் அங்கண்ணன் வந்தார், வலது கட்டைவிரலை மற்ற நாலு விரலுக்குள் பொத்தி வைத்துக்கொண்டு வந்தார், அந்தக் கையின்மேலேயே உட்கார்ந்தார், பஜ்ஜியை இடது கையால் தின்றார், வெள்ளைத் துணியை நான் விலக்கினேன், காரைப் பார்த்தவர் மெல்லுவதை நிறுத்தினார், குனிந்தார், டியூப்லைட் அதில் நெளியாமல் நேராக விழுகிறதா என்று பார்த்தார், விழுந்தது, மீசையைத் திருகினார், உள்ளே இருந்தவரும் திருகினார், ஜெயித்துவிட்டேன் என்று நான் நினைத்த அந்த நொடியில் அவர் எழுந்துவிட்டார். இது பிளேட்டிங், பிளாஸ்டிக்குலயும் இப்பப் பிளேட்டிங் போடறாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா, எவங்கிட்டயோ குடுத்துப் போட்டு வாங்கியாந்துட்டுப் பெயிண்ட்டுங்கறீங்க, மறுக்காவும் பொய்யி என்றார், அட பெயிண்ட்டுதானுங், சத்தியமா என்றேன், அவர் பாவாத்தாளைப் பார்த்தார், அவளோ, எம்பட குளியலறையப் பாருங், சாட்சி அதுதான் என்றாள், கோகுலன், அப்பா, தேச்சே பாத்துருங்க என்று கெஞ்சினான், தொடமாட்டன்னு வாக்குக் குடுத்தவன்டா நான், ஒருத்தராவது வாக்குல நிக்கோணுமில்ல என்று துண்டை உதறித் தோளில் போட்டார், என் வாழ்நாளிலேயே முதன்முதலாக ஓர் உண்மையைச் சொல்லியிருக்கிறேன், கேட்க ஆள் இல்லை.

அவர் செருப்புக்குள் ஒரு கால் விட்டுவிட்டார், ரேணுகா என்னைப் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை, தரையில் ஏதோ ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பம்பரைப் பார்த்தேன், தூசி இல்லை, கீறல் இல்லை, வீடு முழுக்க அதற்குள் இருந்தது, வாசலில் ஒற்றைச் செருப்போடு அங்கண்ணன், தலை குனிந்த ரேணுகா, காது வரை வாய் கொண்ட நான், இன்னும் ஒரே ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன என்று தோன்றியது, தோன்றியதை மறைப்பானேன், அது ஒரு நிமிடமாகத்தான் இருந்தது, அங்கண்ணா, நில்லுங் என்று கத்தி, பஜ்ஜி எண்ணெய் துடைக்காத என் கட்டைவிரலைப் பம்பரின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

எடுத்தபோது விரலில் வெள்ளி, பம்பரில் சாம்பல் நிறத்தில் என் ரேகை, சுழி சுழியாக. அங்கண்ணன் செருப்பிலிருந்து காலை எடுத்தார், வந்தார், மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார், அட, பெயிண்ட்டேதான் என்றார், ஏனுங், இத்தன நாள் வேலைய இப்புடி அழிச்சுப்போட்டீங்களே என்றபோது அவர் குரல் என்னைவிட அதிகமாக நொந்திருந்தது, அழிக்காமச் சொன்னா நீங்க நம்பலீங்களே என்றேன், அவர் ரேணுகாவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பொத்தி வைத்திருந்த கட்டைவிரலைப் பிரித்தார், இப்பத் தொடலாமுங்களா என்று கேட்டார், தொடுங் என்றேன், என் ரேகைக்குப் பக்கத்தில், ஒரு விரற்கடை தள்ளி, பத்திரம் பதிகிற இடத்தில் வைப்பது போல நிதானமாக உருட்டி அழுத்தினார்.

ஒத்தக் கைநாட்டு செல்லாதுங் சம்பந்தி என்றார்.

மறுபடி பூசலாம், ஒரு பாட்டில் மிச்சம் இருக்கிறது, பாவாத்தாள் குளியலறையைத் தரமாட்டேன் என்கிறாள் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், குனிந்தால் இப்போதும் முகம் தெரிகிறது, வாய் காது வரை போகத்தான் பார்க்கிறது, இந்தப் பக்கம் என் ரேகையில் இடித்து, அந்தப் பக்கம் அவர் ரேகையில் இடித்து, நடுவில் ஒரு மனுஷன் சிரிக்கிற அளவுக்கு வந்து நிற்கிறது.