பூட்டு நிற்கிறது

பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே இருந்த மல்டிடூலை, கத்தியும் மற்ற கருவிகளும் ஒரே கைப்பிடிக்குள் மடங்குகிற அதை, யாரோ நன்றாகக் கழுவித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் அலகு வந்து மடங்குகிற இடுக்கில் பழுப்பாக ஒரு கோடு காய்ந்துகிடந்தது. துருவாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே நகத்தால் சுரண்டினேன். துரு அப்படிச் செதிலாக உரியாது. எழுந்துபோய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

லின்டன்ஹோர்ன் கத்திக் கம்பெனியில் திரும்பி வருகிற சரக்கைப் பார்ப்பதுதான் என் வேலை. முன்பெல்லாம் முனை ஒடிந்தவை, டப்பா திறக்கப்போய் வளைந்தவை, கால்சட்டையோடு வாஷிங் மெஷினில் சுற்றியவை என்று வரும். மனிதர்களின் அசட்டுத்தனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பொழுது போய்விடும். மலிவு மல்டிடூல் வந்தபிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. அது கத்திக்குப் பேர்போன எங்கள் ஊர் சோலிங்கனில் செய்தது இல்லை. எங்கோ செய்து, பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, எங்கள் பெயரைத் தாங்கித் தள்ளுபடிக் கடைகளுக்குப் போகிறது. அதன் அலகில் ஊர்ப்பெயரைப் பொறிக்கச் சட்டம் விடாது. கம்பெனி பெயர் மட்டும்தான் இருக்கும். கத்தி வாங்கும் வெளியூர்க்காரர்கள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊர்ப்பெயரைத் தேடுவார்கள். நாங்கள் தேடுவதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது எதற்கு? லின்டன்ஹோர்ன் என்று போட்டிருந்தால் பாக்கெட்டில் போட்டுக்கொள்வோம்.

விரித்த அலகு தானாக மடங்காமல் பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. அதுதான் பூட்டு. அதைச் சோதிக்க எங்கள் அறையில் ஒரு முறை உண்டு. கைப்பிடியைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மட்டும் இடுக்கிக்கொண்டு, மற்ற விரல்களை விசிறியாக விரித்துவிட்டு, அலகின் முதுகை மரக்கட்டையில் ஓங்கித் தட்ட வேண்டும். பூட்டு விட்டுவிட்டால் அலகு வெறும் காற்றில் மடங்கும். வேலைக்குச் சேர்ந்த நாளில் கத்தியைத் தொடவிடுவதற்கு முன்னால் அந்தப் பிடியைத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

வந்ததைத் தட்டிப் பார்த்தேன். நின்றது. மறுபடி தட்டினேன், நின்றது. பொய்ப் புகாரோ என்று எனக்கே தோன்றிய நேரத்தில், அதே தட்டுக்கு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அலகு சடக்கென்று மடங்கியது. சாதாரணமாகப் பிடித்திருந்தால் நாலு விரலும் அதன் பாதையில் இருந்திருக்கும். அலமாரியில் இருந்த புதுச் சரக்கிலிருந்து சிலவற்றை எடுத்துத் தட்டினேன். எல்லாமும் அதே ஜாதி. பத்துத் தட்டு தாங்கியது பதினோராவதில் விட்டது. ஒன்று முதல் தட்டிலேயே விட்டது. எப்போது விடும் என்று சொல்ல முடியாததுதான் பயமாக இருந்தது. எப்போதும் மடங்குகிற கத்தியை எவனும் நம்பமாட்டான்.

முதலாளி ரூட்கர்ஸிடம் கொண்டுபோனேன். மனிதர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என் அம்மாவின் சவ அடக்கத்துக்கு மழையில் வந்து நின்றவர். கத்தியை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"கத்திய சுத்தியலா அடிச்சா மடங்கத்தான் செய்யும், இல்கா. தவறான உபயோகம்னு போட்டு அனுப்பிடுங்க."

உள்ளே ரத்தம் இருக்கிறது என்றேன். கத்தி என்றால் வெட்டத்தானே செய்யும் என்றார். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு, இந்த மலிவுச் சரக்கு ஓடுவதால்தான் மேல்மாடியில் நல்ல கத்தி செய்கிறவர்களுக்கும் சம்பளம் போகிறது, இதை வெளியே பேசினால் எத்தனை வீட்டு அடுப்பு அணையும் என்று யோசித்தீர்களா என்று கேட்டார். யோசித்திருக்கிறேன். அதில் ஒரு அடுப்பு என்னுடையது. வாசல்வரை போனவர் திரும்பி, மதியம் புதுக் கிடங்கில் கூரைச் சட்டம் ஏறியதற்கான விருந்து, நீங்களும் வந்துவிடுங்கள் என்றார். தச்சர்களுக்குப் பரிசாக ஆளுக்கொரு மல்டிடூல் காலையிலேயே கொடுத்தாகிவிட்டதாம்.

அந்தக் கிடங்குக்குக் கூரை போடுகிற தச்சர்களில் ஒருவன் என் புருஷன் வோல்க்மார்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. கூரையில் நிற்கும்போது போனை வண்டியிலேயே விட்டுவிடுவான். அது நான் போட்ட சட்டம்தான். காரை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மறுபடி மேடேறினேன். வழியெல்லாம் அவன் விரல்கள்தான் கண்முன் நின்றன. அழகான விரல்கள் ஒன்றும் இல்லை. சிராய்ப்பும் தழும்புமாக, நகம் ஒன்று நிரந்தரமாகக் கறுத்துப்போய். அவற்றை வைத்துத்தான் எங்கள் வீடு நடக்கிறது, என் தலைமுடியை அவன் கோதுவதும் அவற்றால்தான்.

போய்ச் சேர்ந்தபோது வோல்க்மார் உச்சி உத்தரத்தில் தச்சர்களின் சடங்கு உடையான கறுப்பு வெல்வெட் அங்கியும் தொப்பியுமாக நின்றுகொண்டிருந்தான். ஊசியிலை மாலையை ஏற்றிக் கட்டியாகிவிட்டது. கட்டடத்துக்கும் வேலைக்கும் வாழ்த்துச் சொல்லி, கண்ணாடிக் கோப்பையில் இருந்ததைக் குடித்து, கோப்பையைக் கீழே வீசினான். அது சுக்குநூறாக உடைந்தது. உடைந்தால் நல்ல சகுனம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் மாலைக் கயிற்றின் நீண்ட நுனியை அறுக்க, இடுப்பிலிருந்து பளபளவென்று ஒன்றை உருவினான்.

அவன் பெயர் என் தொண்டைவரை வந்துவிட்டது. உயரத்தில் நிற்கிறவனைத் திடீரென்று கூப்பிடக்கூடாது. தச்சன் பெண்டாட்டிக்கு அது ரத்தத்திலேயே ஊறியது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அவன் அறுத்தான். கயிறு முறுக்கு முறுக்காகப் பிரிந்து, கடைசியில் விழுந்தது. ஏணியில் அவன் இறங்கி வந்தான்.

கீழே நீள மேசையில் பன்றி வறுவலும் உருளைக்கிழங்கு சாலடும் பீரும். எங்கு பார்த்தாலும் சடக், சடக் என்று புதுக் கத்திகள் விரியும் சத்தம். ஒருவன் தொத்திறைச்சியை நறுக்கினான், இன்னொருவன் முள்ளங்கியைச் சீவினான். ரூட்கர்ஸ் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். வோல்க்மார் என் தோளில் கை போட்டு, முகம் ஏன் வெளிறியிருக்கிறது என்று கேட்டான். அவன் காதில் ரகசியமாகச் சொல்லத்தான் நினைத்தேன். வாய் திறந்தபோது மேசை முழுவதற்கும் கேட்டது.

"அத யாரும் யூஸ் பண்ணாதீங்க. பூட்டு நிக்கல. ஆளோட விரல வெட்டுது."

தலைமைத் தச்சர் ஈவால்ட் தன் இடதுகையைத் தூக்கிக் காட்டினார். சுண்டுவிரலில் பாதியை ஒரு ரம்பம் எப்போதோ கொண்டுபோய்விட்டது.

"ஏம்மா, எனக்கு ஒண்ணுதான் போச்சு, பாக்கி இருக்கறதே எதேஷ்டம். ஆனா லின்டன்ஹோர்ன் கத்தி விரல எடுத்துச்சுன்னு எங்க தாத்தா காலத்துலருந்து நான் கேட்டதில்ல."

அவருக்கு அலகைத் திருப்பிக் காட்டி, ஊர்ப்பெயர் எங்கே பாருங்கள் என்றேன். பார்த்தார், மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சிரித்தார். வோல்க்மாரின் காதெல்லாம் சிவந்துவிட்டது. எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். ரூட்கர்ஸ் பீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தட்டிக் காமிங்களேன், இல்கா. எல்லாரும் பாக்கட்டும்."

வோல்க்மாரின் கத்தியை வாங்கினேன். விரல்களை விரித்து, கட்டைவிரலால் இடுக்கி, மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினேன். நின்றது. இன்னொரு தட்டு. நின்றது. மடங்கித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டுகள் குதிக்க, கை வலிக்க வலிக்கத் தட்டினேன். அலகு அசையவில்லை. கல்லில் நட்டதுபோல் நின்றது.

முதலில் யாரோ மூக்கால் சிரித்தான். அப்புறம் மேசையே சிரித்தது. லின்டன்ஹோர்ன் பெயர் என்ன சாமானியமா என்றார் ஒருவர். வோல்க்மார் கத்தியை மெதுவாக என் கையிலிருந்து எடுத்தான். அவனுக்கு என்மேல் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ராத்திரியெல்லாம் நீ தூங்கறதே இல்ல. இங்க பாரு, ஒண்ணும் ஆவல."

சொல்லிக்கொண்டே கைப்பிடியைச் சுத்தியல் பிடிப்பதுபோல நாலு விரலாலும் சுற்றிப் பிடித்தான். அப்படி இல்லை என்று நான் அவன் மணிக்கட்டைப் பிடிக்கப் போனேன். அதற்குள் ஈவால்ட் தன்னுடையதை எடுத்துவிட்டார். எதிரே இருந்தவன், அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன், பீர் குடித்துக்கொண்டிருந்தவன் எல்லோரும் எடுத்தார்கள். யார் பலமாகத் தட்டுவது என்று போட்டியே தொடங்கிவிட்டது. ரூட்கர்ஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்திருந்தார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நீள மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கத்திகள் ஒன்றாக மேலே போயின. ஒவ்வொரு கைப்பிடியையும் நாலு விரல்கள் இறுகச் சுற்றியிருந்தன.