தம்பி கேட்ட வில்

"பழைய வில்லை விக்கிறதெண்டா அம்புறோஸ் தனக்குத் தரட்டாம்," என்றாள் மனைவி சிசிலி. "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வந்து எடுக்கிறானாம்."

செபமாலை வண்டியை மெதுவாக்கினார். அம்புறோஸ் அவருடைய ஒரே தம்பி. அதே பியர்பொன்ட்ஸ் பகுதியில் ஐந்து தெரு தள்ளித்தான் வீடு. பத்து மாதமாக அண்ணன் வீட்டுப் படி அவன் மிதிக்கவில்லை.

"அவனாக் கேட்டவனோ?"

"அவனாத்தான். நான் வாயே திறக்கேல்லை. வில்லைக் குடுங்கோ. குடுக்கேக்கை ஒரு வார்த்தையும் சொல்லுங்கோ."

"என்ன வார்த்தை?"

"அது உங்களுக்குத் தெரியும்."

ஒன்பது வருடம் அண்ணனும் தம்பியும் ஒன்றாக மான் வேட்டைக்குப் போனவர்கள். போன நவம்பரில் செபமாலை விட்ட அம்பு ஒரு சாண் கீழே இறங்கி மானின் வயிற்றில் தைத்தது. மான் ஓடிவிட்டது. மறுநாள் காகங்கள்தான் இடத்தைக் காட்டின. நரிகள் முந்திவிட்டிருந்தன.

அதுக்கு முந்தின செப்ரெம்பரில் வில் கிளப்பில் குறி தப்பாத வில் அது. வேட்டைக்குப் போகும் வழியில் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தவன் அம்புறோஸ். வேட்டை முடிந்த அடுத்த ஞாயிறு, கோயில் மண்டபத்தில், தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற இருபது பேருக்கு முன்னால் செபமாலை சொன்னார்: "மீன்கடையிலை பெட்டி தூக்கிறவனிட்டை வில்லைக் குடுத்தது என்ரை பிழை." இரண்டொருவர் சிரித்தார்கள். அம்புறோஸ் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து கோயிலில் மற்றப் பக்கத்து வாங்கு வரிசையில் இருக்கிறான்.

புதிது வாங்குவதா, பழையதே போதுமா என்று கோடை முழுக்க யோசித்தாயிற்று. பழையது கைக்குப் பழகிய வில். ஆனால் நம்பிக்கை போய்விட்டது. வேட்டைக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

வில் கடை ஆற்றுக்கு அப்பால் லவாலில் இருந்தது. சிசிலி வண்டியிலேயே இருந்துவிட்டாள். சுவரெல்லாம் மான் தலை, அதுக்குள்ளை என்னாலை நிக்கேலாது என்றாள்.

கடைக்காரன் நோர்மன் பழைய வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு முனைக் கப்பிகளையும் சுழற்றினான். வெடிப்பு இல்லை. பிறகு நாணை விரலால் உருட்டி, விரலை மோந்து பார்த்தான்.

"இது என்ன, மெஸ்யூ?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"தேங்காய் எண்ணெய்."

"நாணுக்கா?"

செபமாலை வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான். கதவுப் பிணைச்சலுக்கு, முழங்காலுக்கு, தலைக்கு. நாணுக்கென்று மெழுகு விற்பது தெரியும். வாங்கியதில்லை. போன வருடம் வேட்டைக்கு முதல் நாள், நாண் காய்ந்து கிடந்ததைக் கண்டு, நன்றாகத் தேய்த்துவிட்டார்.

நாணின் நடுவில் கண் வைத்துக் குறி பார்க்கும் சிறு வளையம் இருந்தது. நோர்மன் நகத்தால் தொட்டான். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"எண்ணெயில் வளையத்தின் கட்டு இளகிவிட்டது. வளையம் இறங்கினால் அம்பும் இறங்கும். நாணை மாற்றினால் போதும். இந்த வில் இன்னும் பத்து வருடம் போகும்."

"மேலே பாரமான பெட்டி வைத்தால்? அதில் வளையம் நகராதா?"

"நகராது. பாரம் ஏறினால் முன்னால் இருக்கும் குறிக்கம்பி வளையும். உங்களுடையது நேராக இருக்கிறது."

"கொஞ்சம்கூட நகராதா?"

"மெஸ்யூ, எண்ணெய்தான்."

செபமாலை கம்பியைத் தடவிப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது.

நாணை மாற்றி வில்லைத் தம்பியிடம் கொடுக்கலாம். புது நாணைக் கண்டால் அவன் கேட்பான்: பழையதுக்கு என்ன நடந்தது, அண்ணை? பழைய நாணோடு கொடுத்தால் கேட்கவும் மாட்டான், மோந்தே கண்டுபிடித்துவிடுவான். நோர்மன் சொன்னதை அவனிடம் சொன்னால் போதும், வேறு வார்த்தை தேவையில்லை. ஆனால் சொன்னால் விசயம் அம்புறோஸோடு நிற்காது. அந்த இருபது பேருக்கும் போகும். தேங்காய் எண்ணெய் என்று கோயில் வாசலில் நின்று சிரிப்பார்கள். இந்த முறை அவரைப் பார்த்து.

"நாணை மாற்றட்டுமா?" என்றான் நோர்மன்.

"வேண்டாம். புது வில் காட்டு."

புதியது இலகுவாக இருந்தது. இழுத்துப் பிடிக்கத் தோள் நோகவில்லை. அது ஒரு நல்ல காரணம் என்று செபமாலை நினைத்தார். வீட்டில் சொல்லலாம்.

"பழையதைக் கட்டித் தரட்டுமா?"

"அது எனக்கு வேண்டாம். எறிந்துவிடு."

நோர்மன் அவரை ஒருமுறை பார்த்தான். பிறகு வில்லை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தான்.

வண்டிக்குள் சிசிலி மணிமாலையை உருட்டிச் செபித்துக்கொண்டிருந்தாள். அவர் புதுப் பெட்டியைப் பின் இருக்கையில் வைத்தார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பழசு எங்கை?"

"சரிவராதாம். எறியச் சொல்லிப்போட்டன்."

"தம்பி ஞாயிற்றுக்கிழமை வாறானெல்லோ."

"போன் எடுத்து வரவேண்டாமெண்டு சொல்லு. வில்லு பழுதாப் போச்சாம் எண்டு சொல்லு."

சிசிலி மணிமாலையைக் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடினாள்.

"ஆராலை பழுதாப் போனதெண்டு கேட்டா?"

அவர் வண்டியை எடுத்தார். ஆற்றுப் பாலத்தில் ஏற்றினார்.

"அது அவனுக்குத் தெரியுந்தானே," என்றார்.