அரை அடி மண்

தையல்காரருக்கும் பக்கத்து வீட்டுக் கொத்தனாருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் அரை அடி மண். வீட்டை மகள் பேருக்கு எழுதலாம் என்று நினைத்த தையல்காரர், கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து மனையின் அகலத்தை அளந்தார். பத்திரத்தில் முப்பது அடி. டேப்பில் இருபத்தொன்பதரை. மனுஷனுக்குச் சுர்ரென்று ஏறியது.

உட்கார்ந்து பேசியிருக்கலாம், அளக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டிருக்கலாம். நம் ஆளுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்? ஒரு மாதம் தினமும் காலையில் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவருக்குப் பக்கத்தில் நின்று, மண்ணைத் திருடிவிட்டான் என்று தெருவே கேட்கும்படி கத்தினார். கொத்தனார் ஒருமுறை வந்து, "அண்ணே, சேர்ந்து இன்னொரு தடவ அளந்துடலாமே" என்றார்.

"நாப்பது வருஷமா அளக்கிறவன் நான். எனக்கே பாடமா?" என்று கதவைச் சாத்தினார் தையல்காரர்.

கடைசியில் கொத்தனாரே சுவரை இடித்து, தன் பக்கம் அரை அடி தள்ளிக் கட்டினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துவிட்டது என்று தையல்காரர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். சில மாதங்களில் கொத்தனாரின் மனைவி இறந்துபோனாள். இவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்று பத்திர வேலைக்காக சர்வேயர் வந்து அளந்தார்.

"முப்பதரை வருது. நீங்கதான் அவர் இடத்துல இருக்கீங்க."

தையல்காரர் தன் டேப்பை நீட்டினார். சர்வேயர் அதைத் தன் இரும்பு டேப்போடு சேர்த்துப் பிடித்தார். அறுபது இஞ்ச் அறுபத்தொன்றில் போய் நின்றது.

"துணி டேப்புதானே, இழுபட்டுப் போச்சு."

"நான் தச்ச சட்ட ஒண்ணுகூட அளவு சரியில்லன்னு திரும்பி வந்ததில்லையே!"

"அளக்கிறதும் இதுல, வெட்டுறதும் இதுல. அப்புறம் எப்படித் தெரியும்? போய் நேர்ல பேசுங்க. ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்குங்க. இல்லன்னா இந்த வம்பு உங்க பொண்ணு தலையில விடியும்."

தையல்காரருக்கு வாய் உலர்ந்தது. ஊரைக் கூட்டித் திருடன் என்று சொன்ன வாய். வெட்கம் பிடுங்கித் தின்ன, பக்கத்து வீட்டுக்குப் போனார். கொத்தனார் சிமெண்ட் ஒட்டியிருந்த கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். தையல்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"தெரியும்ணே. அன்னைக்கே அளந்து பாத்தேன்."

"அப்புறம் ஏம்ப்பா இடிச்ச?"

"அவ உள்ள படுத்த படுக்கையா கெடந்தா. நீங்க கத்த ஆரம்பிச்சாலே அவளுக்கு மூச்சு வாங்கும். அவள நாலு நாள் அவ அக்கா வீட்ல விட்டுட்டு, சுவரத் தள்ளிக் கட்டினேன். அதுக்கப்புறம் ராத்திரியில கொஞ்சம் தூங்கினா."

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கே ஆள் விட்டு இடிச்சு, பழைய எடத்துல கட்டித் தரேன்."

கொத்தனார் கரணையைத் துடைத்து ஓரமாக வைத்தார்.

"செய்யுங்க. எவ்வளவு சத்தமா வேணா இடிங்க. இப்ப வீட்ல யாருமில்ல."