ஏழாம் இதழ், பக்கம் 22–23

1

இந்தக் கதை என் மனத்தில் பிறந்ததல்ல. இரண்டு பக்கம் காலியானதால் பிறந்தது.

'மூணு லைஃப்' என்ற காலாண்டிதழின் ஏழாம் இதழில், இதே இடத்தில், முன்பு வேறொரு கட்டுரை இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். ஆசிரியர் டிஜோ என்னைக் கூப்பிட்டு, "எண்ணூறு வார்த்தை வேணும். என்ன வேணா எழுதுங்க, சும்மா இடத்த அடைச்ச மாதிரி மட்டும் இருக்கக் கூடாது" என்றான். எழுத உட்கார்ந்தேன்.

குமுளியில் மழை பெய்துகொண்டிரு

(குமுளியில் எப்போதுதான் பெய்யவில்லை? வேண்டாம்.)

அச்சிதழ்களின் பொற்காலம் மறைந்துவரும் இந்நாளில்

(இது இரங்கல் கூட்டத்தில் பேச வேண்டியது. டிஜோவுக்கு அப்படி ஒரு துக்கமும் இல்லை.)

2

டிஜோவுக்குக் குமுளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மொபைல் பழுதுபார்க்கும் கடை. பழைய வீடியோ கேம் என்றால் உயிர். கல்பாத்தியிலிருந்து வங்கி வேலைக்குப் போய்வரும் ஹரிஷங்கருக்கும் அதே பைத்தியம். இணையத்தில் ஒரு ஜாய்ஸ்டிக்கைப் பற்றிச் சண்டை போட்டு நண்பர்களானவர்கள். இருவருமாகப் பழைய கேம்களுக்கென்றே தமிழில் ஓர் இதழ் தொடங்கினார்கள். டிஜோ எழுதுவான், எழுத வைப்பான். ஹரி பக்கம் அமைப்பான். கம்பத்தில் அச்சாகி மலை ஏறி பஸ்ஸில் வரும். முந்நூறு பிரதி.

போன வருடம் அந்த அச்சகம் மூடப்பட்டது. வேறு அச்சகம் தேடுவதற்குப் பதில், பழைய இதழ்கள் முப்பத்து நாலையும் ஸ்கேன் செய்து, இனி வருவதையும் சேர்த்து, எல்லாருக்கும் இலவசமாக இணையத்தில் போட்டுவிடுவது என்று முடிவெடுத்தார்கள். முதல் வாரமே நாலாயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள். குவைத்திலிருந்தும் ஈப்போவிலிருந்தும் கடிதம் வந்தது. டிஜோ கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான்.

பத்தாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சிஞ்சு* வந்தாள்.

(* பெயர்கள் மாற்றப்பட்டவை. 'சிஞ்சு' அவளே தேர்ந்தெடுத்தது.)

3

சிஞ்சு ஆனைக்கரைக்காரி. எட்டு வருடம் முன்பு ஏழாம் இதழில் எழுதியவள். சிறு வயதில் ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், ஒரு டிவி கேம் வைத்திருந்தாள். கோட்டைக்குள் சாவி தேடும் விளையாட்டு. அப்போது குடித்துக்கொண்டிருந்த அவள் அப்பா விழித்துவிடக் கூடாது என்று சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுத்தான் விளையாடுவாள். விழித்தால் அன்றைக்கு அம்மாவுக்கு அடி. அந்த விளையாட்டுக்கு ஒரு பாட்டு இருக்கிறது என்பதே இருபத்து மூன்று வயதில், வேறோர் ஊரில், வேறொருவர் வீட்டில்தான் அவளுக்குத் தெரிந்தது. இதைத்தான் எழுதியிருந்தாள். இதழுக்கு அதிகக் கடிதம் வந்தது அதற்குத்தான். டிஜோ கர்வப்படும் இரண்டு பக்கங்கள் அவை.

"அண்ணே, அத எடுத்துருங்க" என்றாள்.

"பேர மாத்திரலாமே?"

"லயத்து நம்பரு இருக்கு, அம்மா பேரு இருக்கு. எங்கப்பா படிச்சா எம் பேரத்தான் தேடுவாரா?"

டிஜோ கொஞ்சம் யோசித்தான். "நீ எழுதுனது பொய்யில்லையே சிஞ்சு."

"பொய்யில்ல. ஆனா அதுக்கப்புறம் அவரு குடிய விட்டு ஆறு வருசமாச்சு. அது அதுல இல்லையே."

"அப்ப அதயும் எழுதிக் குடு. சேத்துப் போடுறேன்."

"எழுதுனா முடிஞ்சு போன மாதிரி ஆயிரும்ணே. அவருக்கு இன்னும் முடியல. தெனமும் காலைல எந்திரிச்சுத்தான் விடுறாரு."

டிஜோ அவள் எதிரிலேயே ஏழாம் இதழை இணையத்திலிருந்து எடுத்துவிட்டான். அவள் போன பிறகு, அந்தப் பக்கங்களைத் திரையில் திறந்து இன்னொரு முறை படித்தான். அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாள்.

4

ஹரிஷங்கர் ஒப்புக்கொள்ளவில்லை. போனில் நெடுநேரம் வாதாடினான்.

"பழசத் தொடப்படாதுடா. இருந்தது இருந்தபடி இருக்கணும். இன்னிக்கு இவ கேட்டான்னு எடுத்தா, நாளைக்கு இன்னொருத்தர் வருவா."

"வரட்டும். முந்நூறு பேரு படிக்கட்டும்னுதான ஹரி அவ எழுதிக் குடுத்தா? ஒலகமே படிக்கட்டும்னு நம்மதான முடிவு பண்ணோம். அவகிட்ட ஒரு வார்த்த கேக்கலையே?"

ஹரி கடைசியில், "வெத்துப் பக்கமா விட்டா எல்லாரும் அதத்தான் தேடுவா. வேற ஏதாவது எழுதச் சொல்லு. நான் பக்கம் பண்ணித் தரேன்" என்றான்.

அப்படித்தான் எண்ணூறு வார்த்தைகள் என்னிடம் வந்தன. வெள்ளிக்கிழமை வரை நான் எழுதிக்கொண்டிருந்தது, உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், ஜாய்ஸ்டிக்கின் வரலாறு.

5

சனிக்கிழமை காலை, கடையைத் திறந்து சற்று நேரத்தில், அறுபது வயதிருக்கும் ஒருவர் டிஜோவிடம் போனை நீட்டினார்.

"தம்பி, 'மூணு லைஃப்'னு ஒரு புஸ்தகம் போடுறது நீங்கதானா? எம் மக ஒருக்கா அதுல எழுதியிருக்காளாம். கோயில்ல ஒருத்தன் சொன்னான். இப்ப போன்லயே சும்மா கெடைக்குதாம்ல? ஏத்திக் குடுங்க."

"மக பேரு?"

சொன்னார். மிக்கேல்ராஜ் என்று தன் பெயரையும் சொன்னார். டிஜோ எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான்.

"என்ன எழுதியிருக்குன்னு அவரு சொன்னாரா?"

"அவன் எங்க படிச்சான்? பேரத்தான் பாத்திருக்கான். அவ எழுதுவான்னே எனக்குத் தெரியாது தம்பி." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை டிஜோவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பழைய ஏழாம் இதழ், அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த அதே கம்ப்யூட்டரில்தான் கிடந்தது.

"அந்த இதழ்ல கொஞ்சம் வேலை கெடக்கு. அடுத்த வாரம் வாங்க" என்றான்.

"செரி, வாரேன். எழுத்து பொடிசா இருக்குமோ?"

"விரல வச்சுப் பெருசாக்கிக்கலாம்."

அவர் படியிறங்கியதும் டிஜோ முதலில் சிஞ்சுவைக் கூப்பிட்டான். அப்புறம் என்னை.

6

ஆக, ஜாய்ஸ்டிக் போயிற்று, இதை எழுதினேன். முடிவுதான் வரவில்லை.

மிக்கேல்ராஜ் படித்து முடித்து, மகளின் தலையில் கை வைத்

(எனக்கே நம்பிக்கையில்லை.)

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகாமல், செக்போஸ்ட் பக்கமாக

(இதை எழுதிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். ஆறு வருடம் விட்டவர் கையில், ஒரு பத்தி நன்றாக வரவேண்டும் என்பதற்காகத் தம்ளரைக் கொடுக்க நான் யார்?)

எழுதியது வரைக்கும் சிஞ்சுவுக்கு அனுப்பினேன். ஒரு வரி பிடிக்கவில்லை என்றாலும் மொத்தமும் வேண்டாம், பழைய கேம் கேசட்டைச் சுத்தம் செய்வது எப்படி என்று ஹரி ஒரு கட்டுரை தயாராக வைத்திருக்கிறான், அதைப் போட்டுவிடலாம் என்று சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துத் திருப்பி அனுப்பினாள். ஒரே ஒரு திருத்தம். மூன்றாம் பகுதியில் 'குடிகார அப்பா' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, 'அப்போது குடித்துக்கொண்டிருந்த' என்று போட்டிருந்தாள். கீழே இரண்டு வரி: "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு இத அவருக்கு நானே படிச்சுக் காட்டுறேன். அதுக்கப்புறமும் நான் சரின்னு சொன்னாத்தான் போடணும்."

கேசட் துடைப்பது பற்றி இல்லாமல் இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அவள் சரி என்று சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா இதைக் கேட்டுவிட்டார்.

கேட்டு முடித்ததும் அந்த வீட்டில் யார் முதலில் பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. உங்களுக்கு ஒன்று தோன்றும். அதை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம்.