ஏரம்புவின் விலாங்கு தின்னாத ஆறு நாட்கள்

1

பண்டத்தரிப்பில் ஒரு விலாங்கு மீன் கந்தசஷ்டி விரதத்தை ஆறு நாளும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் – (தண்ணீருக்குள் கிடக்கிற சீவன், இதை வெட்டுகிறேன்) – ஆறு நாளும் பிசகாமல் பிடித்து, ஏழாம் நாள் காலை முறைப்படி பாறணை செய்தது. கண்ட சாட்சி முந்நூறு பேர்.

[ஓரத்தில் டானியல் மாஸ்டர், பென்சிலால்: "நாற்பது." நான் இருநூற்றைம்பதுக்கு இறங்குகிறேன்.]

கதை பிறந்த விதத்தை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். தபால் கந்தோரில் முப்பது வருஷம் பிறத்தியார் எழுதியதைப் பட்டுவாடா செய்தேன். பென்ஷன் எடுத்த மறுநாள் தொடக்கம் நானே எழுதுகிறேன். பின்னேரங்களில் டானியல் மாஸ்டர் மானிப்பாயிலிருக்கும் என் வீட்டுக்கு வந்து, எழுதியதை வாசித்துப் பிழை பிடிப்பார். விஞ்ஞானம் படிப்பித்தவர், பொய்யை மணத்திலேயே கண்டுபிடிப்பார். இந்தக் கதையில் அவரும் வருகிறார். அது இருவருக்கும் வசதியில்லாத சங்கதி.

2

முதல் தொடக்கம்: 'விலாங்கு தொட்டியின் மூலையில் துக்கத்தோடு' – விட்டுவிட்டேன். விலாங்கின் துக்கம் எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது: 1931. பள்ளிக்கூட விஞ்ஞானகூடத்துப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்த பணியாள் ஏரம்பு மிகுந்த கூச்சக்காரன் –

[டா.மா.: "ஏரம்புவோ? கதைக்கத் தொடங்கினால் வாயை மூட ஆள் பிடிக்கவேணும்."]

சரி. கூச்சம் விலாங்குக்கு மட்டும்.

மீன்பிடிகாரர் நீக்கிலாப்பிள்ளை விலாங்கை வழுக்கியாற்றில் பிடித்துக் குடத்தில் கொண்டுவந்தார். நீளம் நாலு முழம். (இரண்டு.) டானியல் மாஸ்டர் கொழும்பிலிருந்து எடுப்பித்த கண்ணாடித் தொட்டியில் அதை விட்டார்கள். அந்தக் கிழமை பார்த்து விஞ்ஞானகூடக் கூரைக்கு ஓடு மாற்ற வந்தார்கள். தொட்டி ஏரம்புவின் வீட்டுக்குப் போனது.

"இது செத்தால் திறப்பைத் தந்துபோடு" என்றார் மாஸ்டர். அந்தத் திறப்புகள் இல்லாத ஏரம்புவை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. ஏரம்புவும் பார்த்ததில்லை.

3

தொட்டி வந்து இறங்கியது சஷ்டியின் முதல் நாள். மனைவி கனகாம்பிகை விரதம்.

"இஞ்சருங்கோ, விரத வீட்டுக்கை புழு பூச்சி வந்துதெண்டால் நான் அம்மா வீட்டை போயிடுவன்."

ஆகவே அவள் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து ஏரம்பு வாழையடியில் மண்புழு கிண்டினான். மூக்குத்தூள் தகரப் பேணிக்குள் ஒளித்தான். ஈர்க்கில் கோத்துத் தொட்டிக்குள் விட்டான். விலாங்கு புழுவைப் பார்த்தது. பிறகு சுவரைப் பார்த்தது.

"தின்னடா ராசா. என்ரை உத்தியோகமெல்லோ உன்ரை வாயிலை கிடக்குது."

மூன்று நாள் இப்படி. நாலாம் நாள் கனகாம்பிகை தொட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "அதுவும் விரதமப்பா" என்றாள். மத்தியானத்துக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. தொட்டிக்கு மாலை போட்டார்கள். நூறு தேங்காய் உடைத்தார்கள். (ஒன்று. அதுவும் அழுகல்.)

ஐந்தாம் நாள் டானியல் மாஸ்டர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"தீன் போட்டனியோ?"

"போட்டனான் ஐயா. அது தின்னேல்லை."

"என்ன போட்டனி?"

கனகாம்பிகை பக்கத்தில் நின்றாள். ஏரம்புவின் கை மடியிலிருந்த பேணியை இறுகப் பொத்தியது.

"சோறு, ஐயா."

"விலாங்குக்குச் சோறோ! மாம்பழப் புளிக்குழம்பும் விட்டனியோ?"

ஏழாம் நாள் பாறணை முடிந்ததும், பயமின்றி, டானியல் மாஸ்டர் உட்பட எல்லார் முன்னாலும் ஏரம்பு புழுவை நீட்டினான். விலாங்கு வெளியே வந்து ஒரே விழுங்கில் எடுத்தது. ஏழு புழு. (இது உண்மையாகவே ஏழு.)

அதுவே அவனுக்கு வினையாயிற்று. "பார், போட்ட உடனை தின்னுது. ஆறு நாள் வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டிருக்கிறாய்!" மாஸ்டர் திறப்பை வாங்கிக்கொண்டார். ஏரம்புவைப் பள்ளிக்கூட மணி அடிக்க விட்டார்கள். பேணியைப் பற்றிப் பிறகு அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. பதினேழு வருஷமாக வழியில் கண்டவர்களை மறித்து ஒரே வசனம்தான் சொல்கிறான்: "புழு போட்டனான். அது தின்னேல்லை."

4

முடிவுக்கு இரண்டு வழி இருந்தது.

அ: விலாங்கு முருக பக்தி மேலிட்டு –

ஆ: (மாஸ்டருடையது) புது இடத்துப் பயம், சனக்கூட்டம், அதற்கு மேல் ஏரம்புவின் சோறு.

இரண்டும் ருசிக்கவில்லை. மாஸ்டரைத் துள்ளப் பண்ணுவதற்காக இன்னொன்று கட்டினேன்.

இ: ஆறாம் நாள் பின்னேரம். சூரன்போர் பார்க்க ஊரே கோயிலடியில். டானியல் மாஸ்டர் ஏரம்பு வீட்டு வேலியிலிருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைகிறார். கையில் போத்தல், போத்தலுக்குள் புழு. தன் கட்சியை நிலைநாட்ட வந்திருக்கிறார். வீட்டில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. விலாங்கு ஒளிந்துகொள்ளத் தொட்டிக்குள் உடைந்த மண்முட்டி ஒன்றும் வைக்கிறார். விலாங்கின் வாயருகே புழுவைப் பிடிக்கிறார். அது புழுவைப் பார்க்கிறது, மாஸ்டரைப் பார்க்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அரை மணித்தியாலம் கழித்து அவர் முட்டியையும் எடுத்துக்கொண்டு வந்த பொட்டாலேயே போகிறார்.

(தலையிலிருந்து வால் வரை என் கற்பனை.)

5

நேற்று அவர் அதை வாசித்தார். சண்டைக்கு ஆயத்தமாக நான் இன்னொரு பென்சில் சீவி வைத்திருந்தேன். அவருடைய பென்சில் தாளில் இறங்கவில்லை.

"அண்ணை, உந்தக் கதையை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருதரும் இல்லை மாஸ்டர். நானே கட்டினது. வெட்டட்டோ?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார்.

"வெட்ட வேண்டாம். அரை மணித்தியாலமெண்டதை மட்டும் திருத்துங்கோ. ஒரு மணித்தியாலம்."

அவர் அந்தத் தாளில் ஏதோ எழுதி எனக்குக் காட்டிவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, சைக்கிளைப் பண்டத்தரிப்புப் பக்கம் திருப்பினார். மேலே உள்ள 'இ' நான் ஞாபகத்திலிருந்து எழுதியது.

அவர் ஏரம்புவின் வாசல் படலை வரை போனாரா, சந்தியில் திரும்பிவிட்டாரா என்று தெரியாது. விசாரிக்கவும் மாட்டேன். விசாரித்தால் கூட்டிச் சொல்லுவேன். அந்த முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தாளில் அவர் எழுதியதற்கு மட்டும் நான் சாட்சி. ஒரு சொல்லும் கூட்டவில்லை:

"நடந்தது. நான் போட்டும் தின்னேல்லை."