இருபது விழுந்த மத்தியானம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் கூனிமேடு பஸ் நிறுத்தம். பக்கத்தில் நின்றவர் பெயர் அய்யனார், மரக்காணம் உப்பளத்தில் வேலை. "ஆட்டோட மனசப் படிக்கிற சக்தி எனக்கு ஒரு வருஷம் இருந்துச்சி சார்" என்று ஆரம்பித்தார். சிரித்தேன். பஸ் வந்தது, போனது. நாங்கள் ஏறவில்லை.

சிரிப்புக் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 2005 நவம்பர். மரக்காணத்து உப்பளங்களின்மேல் மழை வெள்ளித் திரைபோல—

(வேண்டாம். உப்பளத்தில் மழை பெய்தால் வேலை இல்லை. அவ்வளவுதான்.)

இரண்டாவது தொடக்கம்: ரேணுகாவுக்குத் தங்கை இறந்து பதினொரு மாதம்—

(இதுவும் வேண்டாம். உங்களை இப்போதே அழவைக்கப் பார்க்கிறேன். முதலில் அவள் சிரித்ததைச் சொல்ல வேண்டும்.)

3

ரேணுகாவுக்கு இருபத்துமூன்று வயது. ஜெராக்ஸ் கடையில் வேலை. மழைக்கால ஞாயிறுகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உப்பு கம்பெனி ஆபீஸுக்குப் போவாள். அங்கே கிளார்க் ஜான்சன் ஒரு விளையாட்டு நடத்தினான். புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது கற்றுக்கொண்டது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லவேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை முடிவுசெய்யும். கதையில் யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்பது ஜான்சன் கையில் இருந்ததால் அய்யனார் அவனைக் கண்டக்டர் என்று கூப்பிட்டார்.

மந்திரப் பொருள்களை அவர்களே கண்டுபிடித்தார்கள். மழை வந்தால் பயந்து சுருங்கிக்கொள்ளும் குடை. ஜோக் சொன்னால் மட்டும் திறக்கும் பூட்டு. பழைய ஜோக் என்றால் கடிக்கும். அய்யனாரின் வீரனுக்கு ஆட்டின் மனதைப் படிக்கும் சக்தி. எந்த ஆட்டைப் படித்தாலும் உள்ளே ஒரே ஒரு எண்ணம்தான்: தழை.

ரேணுகாவின் மந்திரக்காரிக்குக் குரல் இழுக்கும் சக்தி. எதிரில் இல்லாத யாருடைய குரலையும், செத்தவர் குரலையும், அவள் ஒரு நிமிஷம் வரவழைக்கலாம். வந்த குரல் தான் கடைசியாகச் சாப்பிட்டதைப் பற்றி மட்டும்தான் பேசும். அந்தக் கிறுக்குச் சட்டத்தைச் சேர்த்தவள் அவளேதான். பகடையில் இருபது விழவேண்டும். எட்டு ஞாயிறு முயன்றும் விழவில்லை.

தங்கை செத்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்த இடம் அது ஒன்றுதான். அதனால்தான் அங்கே போனாள்.

4

அன்று இருபது விழுந்தது.

"அடி சக்க!" என்று அய்யனார் மேஜையைத் தட்டினார். "கூப்பிடும்மா. அந்த அரக்கன் ராஜாவோட தாத்தாவக் கூப்பிடு. புதையல் எங்கன்னு கேப்போம்."

"அந்தாளும் சோத்தப் பத்திதான் பேசுவான்" என்றான் ஜான்சன். "யாரு வேணும், சொல்லு ரேணுகா."

அவள் வாயில் வந்தது வேறு பெயர்.

"கலைமதி."

அய்யனாரின் கை மேஜைமேல் அப்படியே நின்றது. போன டிசம்பரில் சுனாமி கொண்டுபோன தங்கையின் பெயர் அது. அன்றும் ஞாயிற்றுக்கிழமை. இட்லி தட்டில் இருக்க, அம்மா ஜெயாவோடு ஏதோ சண்டை போட்டுவிட்டு, தோழி வீட்டுக்கு என்று கிளம்பியவள். கடற்கரைக்கு எதற்குப் போனாள் என்று ஒருவருக்கும் தெரியாது. எம்பொண்ணு வெறும் வயித்தோட போயிட்டா என்பதுதான் ஜெயாவின் ஒரே பேச்சு. அன்று முதல் ஜெயா காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை.

"விளையாட்டுதானே அண்ணா" என்றாள் ரேணுகா. "சும்மா சொல்லுங்க. இட்லின்னு சொன்னாக்கூடப் போதும்."

ஜான்சன் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தன் குரலை மாற்றிக்கொள்ளாமலே சொன்னான்:

"கேக்கு. பேப்பர்ல சுத்தி இருந்துச்சி. திராட்சையெல்லாம் பொறுக்கி உள்ளங்கைல வெச்சிக்கிட்டேன். கடைசில திங்கலாம்னு."

பாயசம் ஆனாலும் கேசரி ஆனாலும் கலைமதி திராட்சையைப் பொறுக்கித் தனியே வைத்துக் கடைசியில்தான் தின்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காத ஒருவனுக்கு அது தெரிய வழியே இல்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு வருஷமாக அண்ணா, நீங்க என்று பேசிய வாய் அது.

5

(இந்த இடத்தில் நான் மூன்று நாள் நின்றுவிட்டேன். ஜான்சனை எனக்குப் புரியவில்லை. ஒரு வரைவில் அவனைக் கோழையாக எழுதினேன். இன்னொன்றில் காதலனாக எழுதி, நிலா எல்லாம் வைத்து, கிழித்தேன். அவன் வேண்டுமென்றே சொன்னானா, வாய் தவறிச் சொன்னானா? அய்யனாருக்குப் போன் போட்டேன். "அவன் மூஞ்சியப் பாத்திருந்தா கேட்டிருக்க மாட்டீங்க சார்" என்றார்.)

6

ஜான்சன் சமாளித்திருக்கலாம். குத்துமதிப்பாகச் சொன்னேன் என்று சிரித்திருக்கலாம். செய்யவில்லை.

"நான்தான் வரச் சொன்னேன். கிறிஸ்மஸ் கேக்கு குடுக்க. வீட்டுக்கு வந்தா உங்கம்மா தப்பா நெனப்பாங்கன்னு பீச்சுக்கு வரச் சொன்னேன்."

அய்யனார் எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.

"தண்ணி நிமிந்து வர்றதப் பாத்ததும் ஓடுன்னு கத்தினேன். ஓடினேன். பின்னால ஓடி வர்ற சத்தம் கேட்டுச்சி. அவதான்னு நெனச்சேன். ரோட்டுக்கு வந்துதான் திரும்பினேன்." மூச்சு விட்டான். "அது வேற யாரோ."

கலைமதியைக் காணாமல் அலைந்த அந்த இரண்டு நாளும் ஜான்சன் ரேணுகா வீட்டாரோடு சேர்ந்து தேடினான். பஸ் ஸ்டாண்டு, சொந்தக்காரர் வீடு, ஆஸ்பத்திரி. கடற்கரைப் பக்கமும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று முதலில் சொன்னவனே அவன்தான். அங்கேதான் உடல் கிடைத்தது. அந்த யோசனைக்காக ஜெயா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்கம்மா உன் கையப் புடிச்சாங்களே" என்றாள் ரேணுகா.

"ஆமா" என்றான் ஜான்சன்.

7

முடிவு அ: ரேணுகா அவனை அறைந்தாள். (அறையவில்லை.)

முடிவு ஆ: உன்மேல் தப்பில்லை என்றாள். (சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் வேண்டும் என்பதற்காக அவளைச் சொல்லவைக்க முடியாது.)

நடந்தது இதுதான். மழையில் நனைந்தபடி வீட்டுக்குப் போனாள். காலையில் இட்லி அவித்து, தட்டில் வைத்து, ஜெயாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா. அவ வெறும் வயித்தோட போகல. சாப்ட்டுதாம்மா போனா."

ஜெயா நிமிர்ந்தாள். "என்னாடி சொல்ற?"

"கேக்கு சாப்ட்டா. திராட்சையப் பொறுக்கி வெச்சிக்கிட்டு."

ஜெயாவின் முகம் கோணியது. அழுகையா சிரிப்பா என்று ரேணுகாவுக்குத் தெரியவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு இட்லியைப் பிட்டாள். வாய்க்குக் கொண்டுபோனவள், நிறுத்திக் கேட்டாள்:

"யாரு குடுத்தாங்க?"

8

அய்யனாருக்கு இதைச் சொன்னவள் ரேணுகாதான். இதோடு நிறுத்திக்கொண்டாளாம். அவரும் கேட்கவில்லை. நான் மூன்று பதில் எழுதினேன், மூன்றையும் அடித்தேன். பெயரைச் சொன்னால் ஜான்சன் அந்த ஊரில் இருக்க முடியாது. தெரியாது என்றால், பெற்றவளுக்கு அது பொய் என்று உடனே தெரிந்துவிடும். இரண்டில் எதை எழுதினாலும் அது நான் சொன்னதாகத்தான் இருக்கும், அவள் சொன்னதாக இருக்காது.

எனவே நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து ரேணுகாவின் இடத்தில் உட்காருங்கள். ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள். அந்த அம்மாள் பிட்ட இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.